பால்டிமோர் படிக்கட்டுப் பஞ்சாயத்து

நம் ஊரில் விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம் அல்லவா? அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் சனிக்கிழமை வந்தால் போதும், வீட்டுப் பெண்கள் வாளியும் பிரஷுமாக வாசலுக்கு வந்துவிடுவார்களாம். எதற்கு என்கிறீர்களா? படிக்கட்டைத் தேய்க்க!

சாதாரணப் படிக்கட்டு அல்ல. அசல் வெள்ளைச் சலவைக்கல். வீடுகள் என்னவோ எளிய செங்கல் வீடுகள்தான். நம் அக்கிரகாரத்து வீடுகளைப் போல ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் மூன்று நான்கு சலவைக்கல் படிகள். அந்த வட்டாரத்தில் வெட்டியெடுத்த கல் அது. தலைநகர் வாஷிங்டனில் வானளாவி நிற்கிறதே நினைவுத் தூண், அதற்கும் அங்கிருந்து கல் போயிருக்கிறது. குடித்தனக்காரர்களின் காலடிக்கும் அதே கல்! பெருமைப்படக் கேட்பானேன்?

2022 அக்டோபர் கடைசியில் நான் அந்தப் படிகளில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். என் சித்தி பெண் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மாடியறையில் குடியிருந்தாள். "அக்கா, நீ வந்தால் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று எழுதியிருந்தாள். போய் இறங்கிய மறுநாளே அவளுக்குச் சோதனைச் சாலையில் அவசர வேலை வந்துவிட்டது. ஆகவே ஊரைக் காட்டும் பொறுப்பு கீழ்வீட்டுச் சொந்தக்காரியான கிழவியம்மாளிடம் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். வெண்பஞ்சுத் தலை. யாரைப் பார்த்தாலும் "ஹன்" என்றுதான் கூப்பிடுவார். "தேனே" என்பதன் சுருக்கம் அது. அந்த ஊர்ப் பழைய பெண்கள் தபால்காரரையும் தேன் என்பார்கள், போலீஸ்காரரையும் தேன் என்பார்கள். நான் சைவம் என்றதும் பாவம், அம்மாளுக்குத் திகைப்பாகிவிட்டது. நண்டு இல்லாமல் ஒரு ஜீவன் எப்படி உயிர் வாழும்? கடைசியில் நண்டின் மேல் தூவும் செம்பொடியை வேகவைத்த சோளக் கதிரின் மேல் தூவிக் கொடுத்தார். 'ஓல்டு பே' என்று அதற்குப் பெயர். நம் இட்லி மிளகாய்ப் பொடிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். காரம் போதாது.

வெள்ளிக்கிழமை காலை. கதவைத் திறந்தால் தெரு முழுவதும் கத்தரிப்பூ நிறம்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரித் தாதி, எல்லோரும் அதே நிறத்தில் சட்டை. ஏதோ பண்டிகை என்று நினைத்தேன். "ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஹன். வெள்ளிக்கிழமை ஊதா உடுத்த வேண்டும்" என்றார் அம்மாள். அவருடைய சட்டையும் ஊதாதான். முதுகில் பெரிதாக 6 என்று எண், அதற்கு மேலே ஒரு பெயர். படித்துப் பார்த்தேன். 'க்வீன்'!

"இது யார், உங்கள் ஊர் ராணியா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாள் சிரிக்கவில்லை. "பாட்ரிக் க்வீன். எங்கள் பிள்ளை. அவன் பெயரை இந்தத் தெருவில் சத்தமாகச் சொல்லாதே, சண்டை வரும்" என்றார்.

சண்டை சனிக்கிழமை மாலையே வந்தது. அதைச் சொல்லுமுன் அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

ஃபுட்பால் என்றதும் காலால் உதைக்கும் பந்தாட்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கர்களுடைய ஃபுட்பாலில் பந்து இரு முனையும் கூம்பியது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், அல்லது முன்னால் ஓடுகிற தோழனுக்கு வீசலாம். கட்சிக்குப் பதினொரு பேர். நான்கு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். தடுக்கிற கட்சியில் முன் வரிசையில் மலை மலையாகச் சில ஆசாமிகள். பின்னால் காற்றாகப் பறக்கும் காவலர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறவனுக்குத்தான் 'லைன்பேக்கர்' என்று பெயர். நம் க்வீன் அந்த ஜாதி.

அவன் பாடு இருக்கிறதே, அது நம் சமையலறைப் பாடு. அடுப்பில் பால் பொங்குகிற சமயம் பார்த்து வாசலில் கீரைக்காரி கூப்பிடுவாள் அல்லவா? எங்கே ஓடுவது? எதிராளி பந்தோடு ஓடி வந்தால் லைன்பேக்கர் முன்னால் பாய்ந்து மடக்க வேண்டும். எதிராளி பந்தை வீசுவதாக இருந்தால் சட்டென்று பின்னால் நகர்ந்து, பந்து பிடிக்கப் போகிறவனை ஒட்டிக் காவல் காக்க வேண்டும். இதற்குத்தான் 'பாஸ் கவரேஜ்' என்று பெயர். ஓட்டமா, வீச்சா? கண் இமைக்கும் நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். போதாததற்கு எதிராளியும் லேசுப்பட்டவனல்ல. ஓடுகிறவன் கையில் பந்தைக் கொடுப்பது போல் பாசாங்கு செய்வான். அதை நம்பி லைன்பேக்கர் இரண்டு அடி முன்வைத்தானோ, தொலைந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் உண்டான வெற்றிடத்தில் பந்து போய் விழும்.

சனிக்கிழமை மாலை படிக்கட்டில் காப்பிக் கோப்பைகளோடு சபை கூடியது. அம்மாள் மேல் படி. அவருடைய மாப்பிள்ளை, துறைமுகத்தில் வேலை, கீழ்ப்படி. பதினைந்து வயதுப் பேரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். பேரனும் பள்ளிக்கூடத்தில் லைன்பேக்கர் ஆடுகிறவன். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் தீர்ப்புச் சொல்கிற பாவனையில் மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை குற்றப் பத்திரிகை வாசித்தார். "ஓடி வருகிறவனைப் பிடிப்பான், ஒப்புக்கொள்கிறேன். முதல் வருஷமே 106 தடவை பிடித்தான். ஆனால் பந்து காற்றில் ஏறிவிட்டால் திசை தெரியாமல் திரும்புகிறான். 2020-லும் அதுதான், 2021-லும் அதுதான். இது மூன்றாவது வருஷம். இன்னும் எத்தனை நாள் பாலபாடம்?"

"இருபது வயதில் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வந்தபோது உலகமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அதை மறந்துவிட்டீர்களா?" என்றார் அம்மாள்.

அம்மாள் சொன்னதில் நியாயம் இருந்தது. க்வீன் லூயிஸியானா மாகாணத்துப் பையன். அந்த மாகாணப் பல்கலைக் கழகக் கட்சிக்காகக் கடைசி வருஷம் ஒன்றில்தான் முழுநேர ஆட்டக்காரராக ஆடினார். அந்த வருஷமே அந்தக் கட்சி தேசத்துக்கு முதலாவதாக வந்தது. 2020 ஏப்ரலில் பால்டிமோரின் 'ரேவன்ஸ்' கட்சி அவரை இருபத்தெட்டாவது ஆளாகப் பொறுக்கி எடுத்தது. அப்போது கொரோனா. புது ஆட்டக்காரர்களுக்கு வசந்த காலத்தில் நடக்கும் மைதானப் பயிற்சி இல்லை, வெள்ளோட்ட மேட்ச்சுகள் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் திரையில் பாடம். பிறகு நேராகப் போர்க்களம்! முதல் மேட்ச்சில் கைதட்ட ரசிகர்களும் இல்லை, காலி நாற்காலிகள்தான்.

அது மட்டுமா? அவர் நின்ற இடம் சாமானியமான இடமா? அங்கே 1996 முதல் 2012 வரை பதினேழு பருவங்கள் ரே லூயிஸ் நின்றிருந்தார். ஆட்டரங்கத்து வாசலில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கோயிலில் பெரிய நாதஸ்வர வித்வான் வாசித்துவிட்டுப் போன மேடையில் நேற்று அரங்கேறிய பிள்ளையை உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

"பெரியவர் நிழலைச் சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டீர்கள்!" என்று மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "போன மாதம் மயாமியோடு நடந்ததை நான் மறக்கவில்லை. கடைசிக் கால் பகுதி ஆரம்பிக்கும்போது 35-க்கு 14. நாம் மேலே. முடிந்தபோது 38-க்கு 42. நாம் கீழே! பிறகு பஃபலோ. 20-க்கு 3 என்று இருந்து, 20-க்கு 23 என்று தோற்றோம். எல்லாம் நம் ஊரிலேயே, என் கண் முன்னால்!"

அப்போதுதான் பேரன் கம்பியிலிருந்து இறங்கினான். கைக்கருவியில் மயாமி மேட்ச்சை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தி அப்பாவிடம் காட்டினான். "கடைசியில் நம்மைக் கொன்றவை நீளமான வீச்சுகள், அப்பா. அது பின்வரிசையின் காவல். க்வீன் மேல் எதற்குப் போடுகிறீர்கள்?" பிறகு வேறொரு மேட்ச். நடுவே ஒரு பந்து பிடிபடுகிறது. பக்கத்தில் 6-ஆம் எண். "இதோ, இது அவன்தானே?" என்றார் மாப்பிள்ளை வெற்றியோடு.

"அவன்தான். ஆனால் இவன் காக்க வேண்டியது ஆளையா, இடத்தையா? ஆளைக் காக்கச் சொல்லியிருந்தால் தப்பு இவனுடையது. இடத்தைக் காக்கச் சொல்லியிருந்தால், இவன் தன் இடத்தில்தான் நிற்கிறான். அந்த ஆளைக் கைமாற்றி வாங்கியிருக்க வேண்டியவன் அதோ, அங்கே பராக்குப் பார்க்கிறான். பயிற்சியாளர் என்ன சொல்லி அனுப்பினார் என்பது நம்மில் யாருக்குத் தெரியும்?"

சபை வாயடைத்துப் போயிற்று. எனக்கோ சொந்தக் கதை ஞாபகம் வந்தது. எங்கள் பெரிய குடும்பத்தில் குழம்பில் உப்புக் கூடிவிட்டால், கடைசியாகக் கரண்டி பிடித்தவள் தலையில்தான் விடியும். முதலில் போட்டது யார், போடச் சொன்னது யார் என்று கேட்க ஆளிருக்காது. நான் எத்தனை தரம் அந்தக் கரண்டியோடு பிடிபட்டிருக்கிறேன்!

ஆனாலும் மாப்பிள்ளையையும் தள்ளிவிட முடியவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மார்க் போடுவதற்கென்றே அங்கே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. முதல் வருஷம் க்வீனுக்கு அவர்கள் போட்ட மார்க், வீட்டில் காட்டக் கூசும் மார்க். 2021-ல் கட்சியே ஜாஷ் பைன்ஸ் என்ற அனுபவசாலியைக் கொண்டுவந்து நடு ஸ்தானத்தில் நிறுத்தி, க்வீனைப் பக்கத்து ஸ்தானத்துக்கு மாற்றியது. குறை ஒன்றுமே இல்லை என்றால் எதற்காக மாற்றுகிறார்கள்? எதிர்வீட்டு வாத்தியார், "வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. நாளை மேட்ச் பார்த்துப் பேசுவோம்" என்று நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டரங்கத்துக்குப் போனோம். எழுபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கம். திருவிழாக் கூட்டம்தான், தேர் மட்டும் இல்லை. தேசிய கீதம் ஆரம்பமாயிற்று. அந்தக் கீதம் பிறந்ததே பால்டிமோரில்தான். 1814-ல் இந்தத் துறைமுகத்துக் கோட்டையை ஆங்கிலேயர் குண்டு வீசித் தாக்கியதைப் பார்த்து எழுதியது. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் அத்தனை பேரும் "ஓ!" என்று கத்தினார்கள். நான் பயந்தே போனேன். அவர்களுடைய பேஸ்பால் கட்சியான 'ஓரியோல்ஸ்' பெயரின் முதலெழுத்தாம்! இந்தக் கட்சியின் பெயரும் வேடிக்கைதான். ரேவன் என்றால் அண்டங்காக்கை. இந்த ஊரில் அடக்கமாகியிருக்கும் கவிஞர் எட்கர் ஆலன் போ எழுதிய புகழ்பெற்ற கவிதையிலிருந்து, ஜனங்களே ஓட்டுப் போட்டு எடுத்த பெயர். ஒரு கவிதைக்காகக் காக்கையைக் கொடியில் ஏற்றிய ஊரை எனக்குப் பிடித்துவிட்டது.

எதிர்க்கட்சி கிளீவ்லாந்து. பாண்டு வாத்தியக் கோஷ்டி மைதானத்துக்குள் வந்தபோது அம்மாள் எழுந்து நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"இந்த ஊருக்கு முன்பு 'கோல்ட்ஸ்' என்று ஒரு கட்சி இருந்தது, ஹன்" என்று ஆரம்பித்தார்.

1984 மார்ச் 28 இரவு. பனி பெய்துகொண்டிருந்தது. கட்சியின் முதலாளி, சாமான் ஏற்றும் பெரிய லாரிகளை வரவழைத்தார். பந்து, சட்டை, தலைக்கவசம் எல்லாவற்றையும் ராவோடு ராவாக மூட்டை கட்டி இண்டியானாபோலிஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார். விடிந்தபோது ஊருக்குக் கட்சி இல்லை! தப்பியது ஒன்றுதான், வாத்திய கோஷ்டியின் உடுப்புகள். சலவைக்குப் போயிருந்ததால் அவை பிழைத்தன. கோஷ்டிக்காரர்கள் அவற்றை எடுத்து ஒரு கல்லறை மண்டபத்தில் ஒளித்து வைத்தார்களாம். அப்புறம் பன்னிரண்டு வருஷம், பழைய கட்சி போய்விட்ட ஊரில், அந்தக் கோஷ்டி வாசித்துக்கொண்டே இருந்தது. வாத்தியம் வாங்கக் காசில்லாதபோது தலைவர் ஜான் ஜீமன் தம் மனைவியின் கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். நம் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

1996-ல் மறுபடியும் ஒரு கட்சி வந்தது. எங்கிருந்து? கிளீவ்லாந்திலிருந்து! அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்களைத்தான் முதலாளி இங்கே கூட்டி வந்தார். இங்கே சிரித்தார்கள், அங்கே அழுதார்கள். மூன்று வருஷம் கழித்துக் கிளீவ்லாந்துக்குப் பழைய பெயரிலேயே புதிய கட்சி கிடைத்தது. "எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்தோம். அதனால்தான் இந்த மேட்ச் அன்றைக்கு எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை" என்றார் அம்மாள். பிறகு மைதானத்தைக் காட்டி, "போனவர்களைப் பார்த்துப் பழகிவிட்டேன். இருக்கிற பிள்ளையைத் துரத்தாதீர்கள் என்கிறேன். தப்பா?" என்று கேட்டார்.

முதல் நாள் அவர் ஏன் அப்படி மன்றாடினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மேட்ச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. கிளீவ்லாந்தார் நடுவே ஒரு பந்தைப் பிடித்ததும் எங்கள் பின்வரிசையில் "ஆறு! ஆறு எங்கே?" என்று ஒரு முனகல் எழுந்தது. அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முனகல் நின்றது. கடைசியில் சமன் செய்வதற்காகக் கிளீவ்லாந்தார் உதைத்த பந்து தடுக்கப்பட்டு, பால்டிமோர் 23-க்கு 20 என்று ஜெயித்தது. முன்பின் தெரியாத ஒரு மாமி என்னைக் கட்டிக்கொண்டார்.

அக்டோபர் 31. மறுநாள் எனக்கு விமானம். அன்று அவர்களுக்கு ஹாலோவீன். குழந்தைகள் பேய் பிசாசு வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். நானும் அம்மாளும் படியில் மிட்டாய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "வாங்கிவிட்டார்கள்! ரோக்வான் ஸ்மித்தை வாங்கிவிட்டார்கள்!"

சிகாகோ கட்சியின் பேர்போன லைன்பேக்கர் அவர். இருபத்தைந்து வயது. வரும் வருஷத்துக்கான இரண்டு தேர்வுரிமைகளையும் ஓர் ஆட்டக்காரரையும் கொடுத்து வாங்கியிருந்தார்கள். "க்வீன் கதை முடிந்தது!" என்றார் மாப்பிள்ளை. அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கூடையிலிருந்த மிட்டாய்களை வருகிற பிசாசுகளுக்கெல்லாம் இரட்டிப்பாகப் போட ஆரம்பித்தார். நான் ஊர் திரும்பும்போது மனத்தில் தங்கியது அந்தக் காட்சிதான்.

ஆனால் கதை முடியவில்லை, நேயர்களே. ஸ்மித் வந்து நடுவில் நின்று ஏற்பாடுகளைக் கவனித்துக்கொள்ளவே, க்வீனுக்குப் பாரம் குறைந்தது. இரண்டு கவலையில் ஒன்றை இன்னொருவர் சுமந்தால் ஆள் எப்படி நிமிர்கிறான் என்று பாருங்கள்! அந்த வருஷமே ஆட்டத்தில் தெளிவு வந்துவிட்டது. 2023 மே மாதம், ஐந்தாவது வருஷத்துக்கு அவரைப் பிடித்து வைக்கும் உரிமையைக் கட்சி கைவிட்டது. அதைப் பொருட்படுத்தாமல் அந்தப் பருவத்தில் 133 தடவை எதிராளியை மடக்கி, தேசத்தின் நட்சத்திர ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானார். சித்தி பெண் டெலிபோனில் சொன்னாள்: மாப்பிள்ளையும் 6-ஆம் எண் சட்டை வாங்கிவிட்டாராம்!

வாங்கிய சட்டைக்கு ஆயுசு கெட்டியில்லை. 2024 மார்ச்சில் க்வீன் மூன்று வருஷத்துக்கு 4 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் பிட்ஸ்பர்க் போய்விட்டார். பிட்ஸ்பர்க் பால்டிமோருக்கு ஜன்மப் பகை! பால்டிமோரார் ஸ்மித்துக்கு ஏற்கெனவே பெருந்தொகை ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. இந்தத் தடவை பனியும் இல்லை, லாரியும் இல்லை. ஆனால் பிள்ளை போனது போனதுதான்.

அந்த நவம்பர் 17-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் இரண்டு கட்சிகளும் மோதின. பால்டிமோர்க்காரர் ஒருவர் வீச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். க்வீன் பாய்ந்து அவர் கையிலிருந்த பந்தை அப்படியே பிடுங்கிக்கொண்டார். பிட்ஸ்பர்க் 18, பால்டிமோர் 16. மறுநாள் சித்தி பெண்ணிடம் விசாரித்தேன். "அம்மாள் என்ன சொன்னார்?"

"தோற்றதற்கு அழுதார், அக்கா. 'பார்த்தாயா, பாஸ் வந்த இடத்தில்தானே பிடுங்கினான்!' என்று மாப்பிள்ளையிடம் சண்டையும் போட்டார்."

"மாப்பிள்ளை?"

"அவருக்கு நேரமில்லை. க்வீன் இடத்துக்கு ட்ரென்டன் சிம்ப்சன் என்று ஒரு சின்னப் பையன் வந்திருக்கிறான். அவனுக்குப் பாஸ் கவரேஜ் வரவில்லையாம். சனிக்கிழமை எதிர்வீட்டு வாத்தியார் நாற்காலி கொண்டுவந்துவிட்டார். அம்மாள் மேல் படியில் உட்கார்ந்துகொண்டு, 'இருபத்து மூன்று வயதுதானே ஆகிறது!' என்று ஆரம்பித்திருக்கிறார்."